பூனையிடம் பட்ட கடன்

சர்க்கரை நோயாளிகளில் இரண்டு ஜாதி. மாத்திரை ஜாதி, ஊசி ஜாதி. மாத்திரைக்காரர்கள் ஊசிக்காரர்களைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பஸ்ஸில் ஸீட் பிடித்தவன் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவனைப் பார்ப்பது போல. அடியேன் தொங்குகிறவன். பதினோரு வருஷமாகக் காலையில் 20 யூனிட், ராத்திரி 12 யூனிட். இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு போன கோடையில் அமெரிக்கா போய் வந்தேன். மகள் நியூஜெர்ஸியில் இருக்கிறாள். மூன்று மாதம் தங்குவதாகத் திட்டம்.

டிக்கெட் வந்த அன்றே வீட்டில் பெட்டி கட்டும் படலம் ஆரம்பமாகிவிட்டது. ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. அரிசி அப்பளம், வடாம், பருப்புப் பொடி, பேத்திக்குப் பாவாடை, மாப்பிள்ளைக்கு முறுக்கு என்று என் மனைவி ஒரு மளிகைக் கடையையே மடித்து வைத்தாள். என் மருந்துக்கு இடம் கேட்டபோது, "முறுக்கு உடையாம ஓரமா வைங்க" என்று உத்தரவானது.

இந்த இடத்தில் என் வாக்கிங் நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்க்கில் தினமும் என்னோடு நாலு சுற்று நடப்பவர். மகன் வெளிநாட்டில் இருக்கிறான் என்ற ஒரே தகுதியில் சகல விமான விவகாரங்களிலும் நிபுணர்.

"ஊசியைக் கையில எடுத்துட்டுப் போகாதீங்க சார். ஆபத்தான ஆளுன்னு தனியா கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சுடுவான். வழிக்கு மட்டும் ரெண்டு வெச்சுக்குங்க. மருந்தும் ரெண்டு சீசா போதும். மிச்சத்தை எல்லாம் பெட்டியில போட்டு அனுப்பிடுங்க. நிறைய வெச்சிருந்தா வியாபாரின்னு நினைப்பான்."

எங்கள் டாக்டரும் ஒரு யோசனை சொல்லியிருந்தார். "எல்லாத்தையும் கைப்பையிலேயே வெச்சுக்குங்க. பெட்டியில போடாதீங்க." நீங்களே சொல்லுங்கள், டாக்டர் பேச்சைக் கேட்பதா, பார்க் பெஞ்சின் பேச்சைக் கேட்பதா? நம் மக்கள் வழக்கப்படி பெஞ்சின் பேச்சையே கேட்டேன். இரண்டு சீசா, இரண்டு சிரிஞ்சு, சர்க்கரை பார்க்கும் மீட்டர் எல்லாம் கைப்பையில். மிச்சம் ஆறு சீசாவும் நூற்றுச் சொச்சம் சிரிஞ்சும் முறுக்குக்குப் பக்கத்தில்.

மீனம்பாக்கத்தில் பாதுகாப்புச் சோதனை. நெஞ்சு படபடக்க டாக்டர் கடிதத்தை நீட்டினேன். சோதித்த இளைஞர் சீசாவைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்க அப்பாவுக்கும் இதுதான் சார். சாப்பாட்டை மட்டும் நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டார். அவ்வளவுதான். இதற்கா இரண்டு ராத்திரி தூங்காமல் இருந்தேன்!

மாட்டிக்கொண்டது என் மனைவியின் புளிக்காய்ச்சல். திரவம், கூழ், பசை எதுவானாலும் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் கூடாது என்பது 2006-ல் லண்டனில் ஒரு சதித் திட்டம் பிடிபட்ட பிறகு வந்த விதி. மருந்துக்கு அதில் விலக்கு உண்டு. புளிக்காய்ச்சலுக்குக் கிடையாது. "அதுவும் மருந்து மாதிரிதாங்க" என்று அவள் வாதாடிப் பார்த்தாள். பலிக்கவில்லை. விமானம் கிளம்பும் வரை என்னோடு பேசவில்லை, ஏதோ நான் காட்டிக் கொடுத்த மாதிரி.

முதல் விமானத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கைக்கடிகாரத்தைச் சென்னை நேரத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். காலை டிபனுக்கு 20 யூனிட். வளைகுடாவில் ஓர் ஊரில் விமானம் மாறினோம். அடுத்தது பதினாலு மணி நேரப் பறத்தல். இங்கேதான் வினை.

நான் போடுவது கலவை இன்சுலின். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். வீட்டில் அது சுலபம். குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் போட்டுக்கொள்வேன். ஆகாயத்தில் விசில் ஏது? சென்னையில் ராத்திரி எட்டரை ஆகும்போது, தூரத்தில் சாப்பாட்டு வண்டி தலையை நீட்டியது. நம் வரிசைக்கு வர அரை மணியாகும் என்று கணக்குப் போட்டு 12 யூனிட்டை ஏற்றிக்கொண்டேன். கணிதத்தில் நான் எப்போதுமே புலி.

போட்டு ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. விமானம் செம்மண் ரோட்டில் போகும் டவுன் பஸ் மாதிரி ஆட ஆரம்பித்தது. பெல்ட் போடச் சொல்லி விளக்கு எரிந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண்கள் அதே வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்கள். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. சாப்பாடு அங்கே, நான் இங்கே. என் ரத்தத்தில் இருந்த 12 யூனிட்டுக்கு இந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை. அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் கை நடுங்கியது. அப்புறம் குளிரூட்டிய விமானத்தில் சட்டை நனைந்தது. பக்கத்து ஸீட்காரர் எதையோ கேட்க, நான் எதையோ உளறினேன். தண்ணி போட்டிருக்கிறேன் என்று நினைத்திருப்பார். சங்கோஜத்தில் யாரிடமும் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது என் மனைவி திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். உள்ளே கற்கண்டு. ஒரு கைப்பிடி என் வாயில் திணித்து, "கடிச்சு முழுங்குங்க" என்றாள்.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். அதில் பாதிக்கு மேல் என் கண்ணில் இனிப்பு படாமல் ஒளித்து வைப்பதிலேயே கழித்தவள், தன் கையாலேயே ஊட்டினாள். பெல்லை அழுத்தி ஆரஞ்சு ஜூஸும் வாங்கிக் கொடுத்தாள். பதினைந்து நிமிஷத்தில் உலகம் மறுபடி நேராக நின்றது. மீட்டரில் பார்த்தால் அப்போதும் 74-தான்.

"ஊசி போட்டாச்சுன்னு என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?" என்றாள். கண்ணில் தண்ணீர். புளிக்காய்ச்சல் கோபம் அத்தோடு தீர்ந்தது.

அமெரிக்காவில் இறங்கினோம். பெல்ட்டில் பெட்டிகள் வந்தன. அப்பளம் வந்தது. வடாம் வந்தது. பாவாடை வந்தது. நாலாவது பெட்டி மட்டும் வரவில்லை. முறுக்கும் மருந்தும் இருந்த பெட்டி. "முறுக்கு போச்சே!" என்றாள் மனைவி. எனக்கு அடி வயிறு கலங்கியது. கையில் இரண்டு சீசா மருந்து இருக்கிறது, குத்த ஒரு ஊசி இல்லை. பேனா இருக்கிறது, நிப் இல்லை.

மகள் பதறவில்லை. மறுநாள் காலை மருந்துக் கடைக்குப் போய்ப் பத்து சிரிஞ்சு வாங்கி வந்தாள். நம் ஊர் சிரிஞ்சு போலவே மெல்லிசாக, சின்னதாக. மூடி மட்டும் ஆரஞ்சுக் கலர். நான் கொண்டுபோனதற்குச் சிவப்பு மூடி. கலரில் என்ன இருக்கிறது? 20 கோடு வரை இழுத்தேன், போட்டேன். பிரச்னை தீர்ந்தது.

தீரவில்லை. அன்று ராத்திரி சர்க்கரை 280. மறுநாள் 340. மூன்றாம் நாள் 390. வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது.

"டிராவல் அலுப்பா இருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

"இந்த ஊர் ரொட்டியில சர்க்கரை அதிகம்ப்பா" என்றாள் மகள்.

என் மனைவி ஒன்றும் சொல்லாமல் போய் ஃப்ரீஸரைத் திறந்து ஐஸ்கிரீம் டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள். அது பாதியாகத்தான் இருந்தது. பாதியைச் சாப்பிட்டது மாப்பிள்ளை. அவர் வாயைத் திறக்கவில்லை. மாமனார் தலையில் பழி விழுவதை மௌனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் ஆயுளில் எத்தனையோ தடவை திருட்டுத்தனமாக இனிப்பு தின்றிருக்கிறேன், மாட்டியதில்லை. தின்னாதபோது மாட்டினேன். தாகம் நாக்கை இழுத்தது. ராத்திரி ஆறு தடவை பாத்ரூம் போனேன். நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. விளையாட்டு இல்லை என்று எனக்கே புரிந்துவிட்டது.

சென்னையில் பொழுது விடியும் வரை காத்திருந்து டாக்டருக்குப் போன் போட்டேன். நான் ரொட்டி, ஐஸ்கிரீம், முறுக்கு எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லச் சொல்ல, அவர் குறுக்கே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சிரிஞ்சு மூடி என்ன கலர்?"

"ஆரஞ்சு."

"சீசாவுல என்ன நம்பர் போட்டிருக்கு? 40-ஆ, 100-ஆ?"

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். "40."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

வாசகர்களே, இனி வரும் இரண்டு பாராவையும் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். காபி டிகாக்ஷனில் திக்கான டிகாக்ஷன், லைட் டிகாக்ஷன் இல்லையா? இன்சுலினிலும் உண்டு. நம் ஊரில் சீசாவில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் லைட். ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கென்று கோடு போட்ட சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. அமெரிக்காவில் 1970-களிலேயே எல்லாவற்றையும் 100 யூனிட்டுக்கு மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். பிரிட்டனில் 1983-ல் மாற்றினார்கள். அந்த திக் சரக்குக்குக் கோடு போட்ட சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் நம் ஊரிலும் 100-தான். பேனா தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். தகராறெல்லாம் சீசாக்காரர்களுக்குத்தான்.

நான் செய்தது என்ன? 40 மருந்தை 100 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தேன். உள்ளே போனது 20 யூனிட் இல்லை, வெறும் 8. ராத்திரி 12 என்று நினைத்துப் போட்டது 5-கூட இல்லை. மூன்று நாளாக அரை வயிற்று மருந்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன். இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். 100 மருந்தை 40 சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால், உள்ளே போவது 50 யூனிட். "முதல் தப்புல ஆஸ்பத்திரிக்குப் போவீங்க. ரெண்டாவது தப்புல போக நேரம் இருக்காது" என்றார் டாக்டர். கோடுகளை மாற்றிக் கணக்குப் போட்டு ஓட்டிவிடலாமா என்று கேட்டேன். "நீங்க ப்ளேன்ல போட்ட கணக்கே போதும். சிவப்பு மூடி கிடைக்குதா பாருங்க" என்றார்.

சிவப்பு மூடிக்கு நியூஜெர்ஸியில் எங்கே போவது? மாப்பிள்ளை, ஐஸ்கிரீம் குற்ற உணர்ச்சியோ என்னவோ, ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டரில் தேடினார். காலையில் ஒரு தினுசான முகத்தோடு வந்து நின்றார்.

"மாமா, கிடைக்குது. ஆனா மனுஷங்க கடையில இல்ல."

"பின்னே?"

"நாய், பூனைக்கான மருந்துக் கடையில."

நிஜம்தான். அமெரிக்காவில் மனிதர்கள் 100-க்கு மாறிவிட்டார்கள். மிருகங்களுக்கு மட்டும் 40 யூனிட் இன்சுலின் இன்னும் இருக்கிறது. அதனால் 40 சிரிஞ்சு என்றாலே அங்கே பிராணிகளுக்கு என்று அர்த்தம். ஆர்டர் செய்தால் வர இரண்டு நாளாகும். அதற்குள் மகளுக்கு ஞாபகம் வந்தது. எதிர் வீட்டு அம்மாளின் பூனைக்குச் சர்க்கரை வியாதி!

"பூனைக்குமா?" என்று என் மனைவி வாயைப் பிளந்தாள். பூனையின் பெயர் பம்ப்கின். தமிழில் பூசணிக்காய். நேரில் பார்த்தபோது, ஒரு குறையும் சொல்ல முடியாத பெயராகத் தெரிந்தது. காலையில் 2 யூனிட், ராத்திரி 2 யூனிட். அந்த அம்மாள் பிரிக்காத புதுப் பாக்கெட்டைக் கையில் கொடுத்தார். பத்து சிரிஞ்சு, சிவப்பு மூடி, 40 என்று தெளிவாக எழுதியிருந்தது. போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினோம். 'இதேதான். போடலாம்' என்று பதில் வந்தது.

அந்த அம்மாள் பூனைக்கு ஊசி போடும் அழகையும் காட்டினார். கழுத்துத் தோலைப் பிடித்தார், குத்தினார், முடிந்தது. பூசணிக்காய் தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"பார்த்தீங்களா, எவ்வளவு சமர்த்தா போட்டுக்குது. நீங்களும் இருக்கீங்களே" என்றாள் என் மனைவி.

இன்னொன்றையும் கவனித்தேன். பூனை சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் அந்த அம்மாள் ஊசியை எடுத்தார். சாப்பிடவில்லை என்றால் டாக்டரைக் கேட்காமல் முழு டோஸ் போட மாட்டாராம். சாப்பாடு கண்ணெதிரே வந்த பிறகு ஊசி. ஒரு பூனைக்குத் தெரிந்த விஷயம் முப்பதாயிரம் அடி உயரத்தில் எனக்குத் தெரியவில்லை.

மிருகத்திடம் கடன் வாங்கியதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. 1921-ல் டொராண்டோவில் பான்ட்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டுபிடித்தபோது முதலில் பிழைத்து எழுந்தவை நாய்கள்தான். அதற்குப் பிறகுதான், 1922 ஜனவரியில், லியனார்ட் தாம்ஸன் என்ற பதினாலு வயதுப் பையனுக்குப் போட்டார்கள். அந்த வரிசையில் பார்த்தால் எனக்கு முன்னால் பூனை நிற்பதுதான் நியாயம்.

ஆறாம் நாள் பெட்டி வந்து சேர்ந்தது. முறுக்கு தூளாகியிருந்தது. ஆறு சீசா இன்சுலினும் உடையாமல் முழுசாக இருந்தது. மனைவிக்கு ஆனந்தம். டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "தூக்கிப் போடுங்க." ஏன் என்றால், பெட்டி போகும் அறையில் குளிர் எவ்வளவு இருந்தது, ஆறு நாள் எந்த வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. இன்சுலின் ஒரு தடவை உறைந்துவிட்டால், உருகின பிறகும் நம்ப முடியாது. பார்வைக்கு அது பாட்டுக்கு மருந்து மாதிரியே இருக்கும். ஆறு சீசாவையும் குப்பையில் போடும்போது, தங்கத்தைப் போடுவது போல என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊசிகளுக்குச் சேதமில்லை. அவை மேஜை டிராயருக்குப் போயின. அந்த டிராயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சீசாவில் 400 யூனிட். நாளைக்கு 32 வீதம் இரண்டு சீசாவும் இருபத்தைந்து நாளில் தீர்ந்தது. இனி அந்த ஊர் மருந்துதான். டாக்டர் சொன்னபடி மாப்பிள்ளை வாங்கி வந்தார். நம் ஊரில் 30/70 என்று எழுதியிருக்கும். அங்கே அதே சரக்கை 70/30 என்று திருப்பி எழுதியிருக்கிறார்கள், காரை இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி. விலையைக் கேட்டேன். "அதை விடுங்க மாமா" என்றார். கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையை 1923-ல் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த ஒரு டாலர் இப்போது எங்கேயோ போய்விட்டது. அங்கே அரசாங்க மருத்துவக் காப்பீட்டில் இருக்கும் முதியவர்களுக்கு 2023 முதல் மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். நம் மாதிரி மகளைப் பார்க்க வந்த முதியவர்களுக்கு அது கிடையாது.

மறுநாள் காலை ஆறரை. இன்னும் தூக்கம் கலையவில்லை. புதுச் சீசாவை எடுத்து உள்ளங்கையில் உருட்டினேன். டிராயரைத் திறந்தேன். கை தானாக ஒரு சிரிஞ்சை எடுத்தது. பதினோரு வருஷப் பழக்கம். 20 கோடு வரை இழுத்தேன். சட்டையைத் தூக்கினேன்.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பேத்தி, ஒன்பது வயது, வாயில் டூத் பிரஷ்ஷோடு வந்து நின்றாள்.

"தாத்தா, அது ரெட் கேப்."

"ஆமாண்டா கண்ணு."

"ரெட் கேப் பம்ப்கினோடது. ஃபார்ட்டி. பாட்டில்ல ஹண்ட்ரட்னு இருக்கே? நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். மூன்று வாரமாக அந்த வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரையும் உட்கார வைத்து இதே 40, 100 கதையை லெக்சர் அடித்தவன் நான்தான். கேட்டவர்களெல்லாம் மறந்துவிட்டார்கள். சொன்னவனும் மறந்துவிட்டான். குழந்தை ஒருத்தி ஞாபகம் வைத்திருந்தாள். சிரிஞ்சில் இருந்தது 50 யூனிட். வயிற்றுக்கும் ஊசிக்கும் நடுவில் இரண்டு அங்குலம் இருந்தது.

சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு ஸோபாவில் உட்கார்ந்தேன். கை நடுங்கியது. இந்தத் தடவை சர்க்கரை குறைந்ததால் இல்லை. பேத்தி ஓடிப்போய் பாட்டியின் கற்கண்டு டப்பாவை எடுத்து வந்தாள். "வேணாம்டா" என்று அவளைக் கட்டிக்கொண்டேன். என் சட்டையெல்லாம் டூத் பேஸ்ட்.

அன்றே டிராயரில் இருந்த சிவப்பு மூடிகளை ஒன்றுவிடாமல் எடுத்து வீட்டுக்கு வெளியே அனுப்பினேன். எங்கே என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், விமானம் ஏறப் போகும் என் ஊசி ஜாதி சகோதர சகோதரிகளுக்கு நாலு வார்த்தை.

ஒன்று: மருந்து, ஊசி, மீட்டர் எல்லாம் கையோடு. போகும் நாளுக்கு வேண்டியதைப்போல இரண்டு பங்கு. அதையும் இரண்டாகப் பிரித்து, பாதி உங்கள் கைப்பையில், பாதி உடன் வருபவர் கைப்பையில். ஆங்கிலத்தில் டாக்டர் கடிதம். அதில் கம்பெனிப் பெயர் மட்டுமில்லாமல் மருந்தின் பெயர், எத்தனை யூனிட், சீசா 40-ஆ 100-ஆ என்பதும் இருக்கட்டும். சோதனையில் நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள். உடம்பில் பம்ப்பும் சென்சாரும் மாட்டியிருப்பவர்கள், அதை எக்ஸ்ரே வழியாக விடலாமா என்று தயாரித்தவர்களின் குறிப்பைப் பார்த்துவிட்டு, கூடாது என்றால் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டு: உபயோகத்தில் இருக்கும் சீசா, வெயில் படாமல் சாதாரண அறை வெப்பத்தில் சுமார் நாலு வாரம் தாங்கும். விமானத்தில் ஐஸில் வையுங்கள் என்று யாரிடமும் கொடுக்காதீர்கள். உறைந்தால் போச்சு. மிச்சச் சீசாக்கள் ஊர் போய்ச் சேர்ந்ததும் ஃப்ரிட்ஜுக்கு, 2 முதல் 8 டிகிரிக்குள். ஃப்ரீஸரில் இல்லை. உபயோகித்த ஊசியைக் கெட்டியான டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். ஸீட் பையில் செருகிவிட்டு இறங்காதீர்கள்.

மூன்று: மேற்கே போனால் பகல் நீளும், கிழக்கே வந்தால் சுருங்கும். நீண்ட நாளுக்கு மருந்து கொஞ்சம் கூட வேண்டியிருக்கும். சுருங்கிய நாளுக்குக் குறைக்க வேண்டியிருக்கும். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் டாக்டரிடம் டிக்கெட்டைக் காட்டி நேர அட்டவணை எழுதி வாங்குங்கள். பார்க் பெஞ்சில் வாங்காதீர்கள். ஆகாயத்தில், தட்டு முன்னால் வந்த பிறகே ஊசி. சாப்பிட்ட பிறகு சர்க்கரை கொஞ்சம் ஏறினால் ஏறட்டும்.

நாலு: அந்நிய ஊரில் மருந்து வாங்கினால் அதோடு சேர்த்து அதற்குரிய சிரிஞ்சையும் வாங்குங்கள். பழையது ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது. அறிவு தூங்கும், பழக்கம் தூங்காது. கூடவே, நீங்கள் ஊசி போடுகிறவர் என்பதைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லி வையுங்கள். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. என் உயிரை இரண்டு தடவை காப்பாற்றியது டாக்டர் இல்லை. விஷயம் தெரிந்த ஒரு கிழவியும் ஒரு குழந்தையும்தான். ('கிழவி' என்று எழுதியதை அவள் படிக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.)

திரும்பி வரும்போது எல்லாம் கைப்பையில் வந்தது. என் மனைவி வழி நெடுக, "ஊசி போட்டாச்சா, போட்டாச்சா" என்று பதினேழு தடவை கேட்டாள். பதினேழு தடவையும் மரியாதையாகப் பதில் சொன்னேன்.

சிவப்பு மூடிகள் எதிர் வீட்டுக்குப் போயின. நான் வாங்கிய கடன் பத்து. திருப்பிக் கொடுத்தது தொண்ணூறுக்கு மேல். பூனைக்கு இவ்வளவு வட்டி கொடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த அம்மாள் நெகிழ்ந்து போனார். பூசணிக்காய் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

கற்கண்டு டப்பா இப்போதும் என் மனைவியின் கைப்பையில்தான் இருக்கிறது. அதிலிருந்து ஒரே ஒரு துண்டு நேற்றுக் கேட்டுப் பார்த்தேன்.

"மயக்கம் வந்தா தரேன்" என்றாள்.